ரெண்டே நாளில் 'எர்கோனாமிக்ஸ் நிபுணர்' ஆகலாமா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்!

"அக்கா, 15,000 ரூபா. சனி, ஞாயிறு ரெண்டு நாள் ஆன்லைன் கிளாஸ். முடிச்சா பேருக்குப் பின்னாடி 'சர்ட்டிஃபைடு எர்கோனாமிஸ்ட்'னு போட்டுக்கலாமாம். இன்னிக்கு ராத்திரிக்குள்ள கட்டினா 3,000 தள்ளுபடி. சேரட்டுமா?"

திருப்பூரிலிருந்து சித்தி மகள் போன் செய்தபோது ராத்திரி மணி 9. பிசியோதெரபி முடித்துவிட்டு, ஒரு கிளினிக்கில் இன்டர்ன்ஷிப் செய்துகொண்டிருக்கிறாள். கையில் வாங்குவது மாதம் சில ஆயிரம்தான். 15,000 என்பது அவளுக்கு மட்டுமல்ல, சித்திக்கும் பெரிய தொகை.

"எதுக்குடி உனக்கு எர்கோனாமிக்ஸ்?" என்றேன்.

"இங்க வர்றவங்க பாதிப் பேரு பனியன் கம்பெனி ஆளுங்கக்கா. பவர் டேபிள் டெய்லருங்க, செக்கிங் பண்ற அக்காங்க, கைமடிக்கிற பொண்ணுங்க. கழுத்து வலி, தோள்பட்டை வலி, இடுப்பு வலி. பத்து நாள் ட்ரீட்மென்ட் குடுத்துச் சரிபண்ணி அனுப்பறோம். மூணாவது மாசம் அதே வலியோட அதே அக்கா திரும்பி வர்றாங்க. நாங்க சரிபண்ற கழுத்தை அங்க இருக்கிற ஸ்டூலு மறுபடி கெடுத்து அனுப்புது. அந்த ஸ்டூலைச் சரிபண்ணக் கத்துக்கணும்க்கா."

நியாயமான ஆசை. ஆனால், அதை ரெண்டு நாளில் கத்துக்க முடியுமா? அந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா? "நாளைக்கு வரைக்கும் பணம் கட்டாதே" என்று சொல்லிவிட்டுத் தேட ஆரம்பித்தேன். அந்த ஒரு நாள் தேடல் ஒரு வாரமானது. எனக்குத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும், கழுத்து வலியோடு வேலை பார்ப்பவர்களுக்கும் இது உதவும்.

நாற்காலி மட்டும் இல்லை!

எர்கோனாமிக்ஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது கடையில் 'எர்கோனாமிக் சேர்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் நாற்காலிதான். உண்மையில் அது ஒரு தனிப் படிப்பு. தமிழில் 'பணிச்சூழலியல்' என்கிறோம். கிரேக்க மொழியில் 'எர்கோன்' என்றால் வேலை, 'நோமோஸ்' என்றால் விதி. 1857-ல் போலந்து அறிஞர் வோய்ச்செக் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி இந்தச் சொல்லை முதன்முதலில் பயன்படுத்தினார். பிறகு பல பத்தாண்டுகள் அது மறக்கப்பட்டே கிடந்தது. 1949-ல் பிரிட்டனில் இதற்கென ஒரு சங்கம் தொடங்கியபோதுதான் மறுபடி புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவில் இதே துறையை 'ஹ்யூமன் ஃபேக்டர்ஸ்' என்று அழைப்பது வழக்கம்.

இதன் அடிப்படை ஒரே வரிதான். வேலைக்கு ஏற்றபடி மனிதரை வளைக்காதே, மனிதருக்கு ஏற்றபடி வேலையை மாற்று.

இந்தத் துறையை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலாவது உடல் சார்ந்தது: உட்காரும் விதம், தூக்கும் எடை, மேஜை உயரம். இரண்டாவது மூளை சார்ந்தது: கவனம், ஞாபகம், குழப்பம், தவறு. மூன்றாவது அமைப்பு சார்ந்தது: ஷிப்ட் நேரம், இடைவேளை, சம்பள முறை.

இரண்டாவதற்கு நாம் தினமும் பார்க்கும் உதாரணம் ஏ.டி.எம். பணம் கைக்கு வந்துவிட்டால் வந்த வேலை முடிந்ததாக மனசு நினைத்துக்கொள்கிறது. கார்டை மறந்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். அதனால்தான் பல இயந்திரங்களில் முதலில் கார்டை எடுத்தால்தான் பணம் வரும்படி வரிசையை வைத்திருக்கிறார்கள். 'கார்டை மறக்காதீர்கள்' என்று போர்டு வைப்பதைவிட இது நல்ல வழி.

விமானியின் தவறா, சுவிட்ச்சின் தவறா?

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலம். அமெரிக்காவின் பி-17 ரக குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிற்றில் உரசி நின்றன. காரணம், விமானிகள் இறக்கையில் உள்ள 'ஃப்ளாப்'பை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். 'விமானியின் தவறு' என்று எழுதிப் ஃபைலை மூடியிருக்கலாம்.

ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியல் நிபுணர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்ச்சுகளும் பக்கத்தில் பக்கத்தில், பார்வைக்கும் கைக்கும் ஒரே மாதிரி இருந்தன. களைத்துப்போன விமானி கையை நீட்டினால் எது வேண்டுமானாலும் சிக்கும். அவர் சொன்ன தீர்வு எளிமையானது. சக்கரத்தின் கட்டுப்பாட்டில் சக்கர வடிவத்தில் ஒரு குமிழ், ஃப்ளாப்பின் கட்டுப்பாட்டில் இறக்கை போன்ற ஆப்பு வடிவத்தில் ஒரு குமிழ். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரிந்துவிடும். இன்றைக்குப் பயணிகள் விமானங்களிலும் சக்கரத்தை இயக்கும் பிடியின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

இதே சபானிஸ், 1959-ல் இன்னொருவருடன் சேர்ந்து கேஸ் அடுப்பை வைத்தும் ஓர் ஆய்வு செய்தார். நான்கு பர்னர், நான்கு திருகு. எந்தத் திருகு எந்த பர்னருக்கு என்று குழம்பாமல் இருக்க எப்படி வரிசைப்படுத்த வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சி. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இதுக்கு ஆராய்ச்சியா? நம்ம வீட்டு அடுப்புல நான் நாலு வருஷமா தப்பாத்தான் திருகறேன். எனக்குத்தான் புத்தி மந்தம்னு நினைச்சேன்" என்றார். புத்தியில் கோளாறு இல்லை அம்மா, அடுப்பை வடிவமைத்தவர் யோசிக்கவில்லை!

டிரைவிங் ஸ்கூல் சான்றிதழா, லைசென்ஸா?

சரி, தங்கை கேட்ட கேள்விக்கு வருவோம். யாரை 'எர்கோனாமிஸ்ட்' என்று ஒப்புக்கொள்வது?

இங்கேதான் மூன்று சொற்களை நாம் குழப்பிக்கொள்கிறோம். ஒரு டிரைவிங் ஸ்கூலை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஸ்கூலை நடத்த அரசு அனுமதி தந்திருந்தால், அது பயிற்சி தரும் இடத்துக்குக் கிடைத்த அங்கீகாரம். 'இவர் எங்களிடம் பயிற்சி முடித்தார்' என்று ஸ்கூல் கொடுப்பது பங்கேற்புச் சான்றிதழ். ஆர்.டி.ஓ சோதித்துப் பார்த்துக் கொடுப்பதுதான் லைசென்ஸ். சான்றிதழைக் காட்டி வண்டி ஓட்டினால் போலீஸ் விடமாட்டார்.

எர்கோனாமிக்ஸிலும் இதே மூன்றும் இருக்கின்றன. பாடத்திட்டத்தைச் சோதித்துக் கொடுப்பது அங்கீகாரம். வகுப்பில் உட்கார்ந்ததற்குக் கிடைப்பது பங்கேற்புச் சான்றிதழ். படிப்பு, அனுபவம், திறமை மூன்றையும் சோதித்து ஒரு தனிநபருக்குக் கொடுப்பது தொழில்முறைச் சான்று. தங்கைக்கு வந்த விளம்பரம் இரண்டாவதைக் கொடுத்துவிட்டு மூன்றாவதின் பெயரைச் சூட்டுகிறது.

உலகத்தில் எப்படித் தருகிறார்கள்?

அமெரிக்காவில் 1990-ல் தொடங்கப்பட்ட 'போர்டு ஆஃப் சர்ட்டிஃபிகேஷன் இன் புரொஃபஷனல் எர்கோனாமிக்ஸ்' என்ற அமைப்பு 'சி.பி.இ' என்ற பட்டத்தைத் தருகிறது. துறை சார்ந்த பாடங்களைப் பட்ட அளவில் படித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். முழுநேரமாக 3 ஆண்டு இந்த வேலை செய்திருக்க வேண்டும். செய்த வேலைகளுக்கும் ஆதாரம் வேண்டும். அதன் பிறகு தேர்வு. படிப்பு மட்டும் முடித்து, அனுபவம் இன்னும் சேராதவர்களுக்கு ஆரம்பநிலைப் பட்டம் ஒன்றும் உண்டு.

பிரிட்டனில் 1949-ல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் வாரிசான அமைப்புக்கு, 2014-ல் அரச சாசனம் கிடைத்தது. இப்போது 'சார்ட்டர்டு இன்ஸ்டிட்யூட் ஆஃப் எர்கோனாமிக்ஸ் அண்ட் ஹ்யூமன் ஃபேக்டர்ஸ்' என்ற பெயரில் இயங்குகிறது. பல்கலைக்கழகப் படிப்புகளின் பாடத்திட்டத்தைச் சோதித்து அங்கீகாரம் தருவதும், தனிநபர்களுக்கு 'சார்ட்டர்டு' பட்டம் தருவதும் இதன் வேலை. ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவாக 'யூர்.எர்க்' என்ற பதிவு இருக்கிறது.

இவர்கள் எல்லோருக்கும் மேலே, 1959-ல் உருவான சர்வதேச எர்கோனாமிக்ஸ் சங்கம் இருக்கிறது. இது தனிநபருக்கு நேரடியாகப் பட்டம் தருவதில்லை. ஓர் எர்கோனாமிஸ்ட்டுக்கு என்னென்ன திறமைகள் இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. பட்டம் தரும் அமைப்புகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்த்து ஒப்புதல் தருகிறது.

கவனியுங்கள். இதில் எதையும் சனி, ஞாயிறில் முடிக்க முடியாது. வாங்கிய பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளவும் தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் நாட்டில் என்ன நிலைமை?

டாக்டர் என்று போர்டு வைக்க மருத்துவ கவுன்சில் பதிவு வேண்டும். வக்கீலுக்கு பார் கவுன்சில். ஆர்க்கிடெக்ட்டுக்குக்கூட 1972-ம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. 'எர்கோனாமிஸ்ட்' என்று விசிட்டிங் கார்டு அடிக்க நடைமுறையில் அப்படி யாரும் தடை சொல்வதில்லை. பிரிட்டனில்கூட 'சார்ட்டர்டு' என்ற அடைமொழிக்குத்தான் காவல், வெறும் 'எர்கோனாமிஸ்ட்' என்ற சொல்லுக்கு இல்லை. இந்த இடைவெளியில்தான் நாற்காலிக் கடை ஸ்டிக்கரும் ரெண்டு நாள் கோர்ஸும் நுழைகின்றன.

அதற்காக இந்தியாவில் இந்தத் துறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் 1966-லிருந்து தொழிலாளர் உடல்நலத்தை ஆராய்கிறது. மத்திய தொழிலாளர் துறையின் கீழ் மும்பையில் மத்தியத் தொழிலாளர் நிறுவனமும், சென்னை தரமணியில் அதன் மண்டல நிறுவனமும் இருக்கின்றன. தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். சர்வதேசச் சங்கத்தில் இணைந்த இந்திய எர்கோனாமிக்ஸ் சங்கமும் இயங்குகிறது. வருடாந்தர மாநாடு நடத்துகிறது. மாணவர்களும் அதில் கட்டுரை வாசிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியர்களின் உடல் அளவுகளைத் திரட்டி, தேவ்குமார் சக்ரவர்த்தி தொகுத்த புத்தகம் ஒன்றை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி 1997-ல் வெளியிட்டது. வெளிநாட்டுக்காரர் உயரத்துக்குச் செய்த மேஜையை நம் ஊர்ப் பெண்களுக்குப் போட்டால் தோளைத் தூக்கிக்கொண்டுதானே வேலை செய்ய வேண்டும்? அதனால்தான் இந்த அளவுகள் முக்கியம்.

எங்கிருந்து உள்ளே நுழையலாம்?

இந்தத் துறைக்கு ஒரே வாசல் இல்லை. எந்தப் படிப்பிலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

டிசைன் பிடிக்குமா? ஐ.ஐ.டி பாம்பேயின் ஐ.டி.சி, ஐ.ஐ.டி குவாஹாட்டியின் டிசைன் துறை, என்.ஐ.டி ஆகியவற்றில் எர்கோனாமிக்ஸ் முக்கியப் பாடம். ஐ.ஐ.டி-களில் பி.டெஸ் படிக்க 'யூசீட்', எம்.டெஸ் படிக்க 'சீட்' என்ற நுழைவுத்தேர்வுகள் உண்டு. என்.ஐ.டி தனியாகத் தேர்வு நடத்துகிறது.

இன்ஜினீயரிங் மாணவரா? இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் பிரிவில் 'வேலை ஆய்வு', 'எர்கோனாமிக்ஸ்' இரண்டும் வரும். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் இதற்கெனத் தனித் துறை இருக்கிறது.

உடலியல் படித்தவரா? கல்கத்தா பல்கலைக்கழகத்தின் உடலியல் துறை இந்தப் பிரிவில் பெயர் பெற்றது. சைக்காலஜி படித்தவர்கள் மூளை சார்ந்த பிரிவுக்கு வரலாம். மொபைல் ஆப், மருத்துவக் கருவி, விமானி அறை வடிவமைப்பு எல்லாம் அங்கேதான். ஹோம் சயின்ஸில் குடும்ப வள மேலாண்மை படிப்பவர்களுக்குச் சமையலறை உயரமே ஒரு பாடம்!

பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி முடித்தவர்களுக்கு ஒரு பலம் உண்டு. உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். இயந்திரம், உற்பத்தி முறை, புள்ளியியல், வேலை அமைப்பு ஆகியவற்றைத்தான் புதிதாகக் கற்க வேண்டும்.

அப்படியானால் குறுகிய கால வகுப்பே வேஸ்ட்டா?

இல்லை. அறிமுக வகுப்பில் தப்பே கிடையாது. அதற்குச் சூட்டும் பெயர்தான் தப்பு.

தங்கைக்கு வந்த கோர்ஸின் பாடத்திட்டத்தைப் பார்த்தேன். அதில் பாதி 'ரூலா' என்ற ஒரே முறைதான். 1993-ல் பிரிட்டனின் நாட்டிங்ஹாமில் மெக்காட்டம்னி, கார்லெட் இருவரும் வெளியிட்டது. கை, மணிக்கட்டு, கழுத்து, முதுகு எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். 1 அல்லது 2 வந்தால் பரவாயில்லை. 7 வந்தால் உடனே மாற்றியாக வேண்டும். சுவாரஸ்யம் என்னவென்றால், இந்த முறையை உருவாக்கும்போது அவர்கள் கவனித்தவர்களில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்களும் உண்டு. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங்! திருப்பூரில் நடக்கும் அதே வேலைகள்.

ரூலாவைச் சில மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம், உண்மைதான். தெர்மாமீட்டர் பார்க்கவும் சில நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். காய்ச்சல் 102 என்று சொல்லத் தெரிந்தவர் எல்லாம் டாக்டர் ஆகிவிடுவாரா?

பவர் டேபிள் டெய்லருக்கு ரூலாவில் 7 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன? ஸ்டூலை உயர்த்தினால் கால் பெடலுக்கு எட்டாது. மேஜையைச் சாய்த்தால் துணி வழுக்கும். இதையெல்லாம் சரிசெய்து, 'மணிக்கொரு முறை எழுந்து நடங்க' என்றால், அந்த அக்கா பீஸ் ரேட்டில் வேலை செய்கிறார். எழுந்து நடக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. எப்படி நடப்பார்? இங்கே ஸ்டூலோடு சேர்த்துச் சம்பள முறையையும் பேச வேண்டியிருக்கிறது. கம்பெனி முதலாளியிடம் செலவுக் கணக்கோடு உட்கார்ந்து பேசத் தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்த 3 ஆண்டு அனுபவம்.

சட்டம் வந்தாலும் இந்த அறிவு தேவைப்படுகிறது. கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. கேரளா 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால், கல்லாப்பெட்டியோ துணி அடுக்கும் மேஜையோ நின்று வேலை செய்யும் உயரத்தில் இருக்கும்போது, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டால் போதுமா? எந்த உயர இருக்கை, எங்கே, எப்போது உட்காரலாம் என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

பணம் கட்டும் முன் 5 கேள்விகள்

1. கிடைப்பது பங்கேற்புச் சான்றிதழா, தொழில்முறைச் சான்றா?

2. இந்தக் கோர்ஸுக்கு அங்கீகாரம் தந்த அமைப்பு எது? அந்த அமைப்பின் இணையதளத்தில் இந்தக் கோர்ஸின் பெயர் இருக்கிறதா? விளம்பரத்தில் லோகோ இருந்தால் மட்டும் போதாது.

3. சொல்லித் தருபவரின் தகுதி என்ன? சி.பி.இ, சார்ட்டர்டு என்று சொன்னால், சம்பந்தப்பட்ட அமைப்பின் உறுப்பினர் பட்டியலில் சரிபார்க்க முடியுமா?

4. உண்மையான வேலையிடத்துக்குப் போய்ப் பார்க்கும் பயிற்சி உண்டா, அல்லது முழுக்க ஸ்லைடு மட்டும்தானா?

5. இதை முடித்தால் அடுத்த நிலைப் படிப்புக்கோ தேர்வுக்கோ கணக்கில் எடுத்துக்கொள்வார்களா? எழுத்தில் தருவார்களா?

நிபந்தனைகள் அவ்வப்போது மாறும். எனவே, கட்டணம், தகுதி ஆகியவற்றை அந்தந்த அமைப்பின் தளத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டில் இன்றே பார்க்கலாம்

நிபுணர் வரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லாத விஷயங்களும் உண்டு. நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். காய் நறுக்குவது போன்ற லேசான வேலைக்கு மேடை, முழங்கையைவிட 10 முதல் 15 செ.மீ கீழே இருந்தால் நல்லது. சப்பாத்தி தேய்ப்பதுபோல அழுத்திச் செய்யும் வேலைக்கு இன்னும் கொஞ்சம் கீழே. மேடை உயரமாக இருந்தால் ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். பலகை ஆடாமல், வழுக்காமல் இருக்கட்டும்.

கேஸ் சிலிண்டரைத் தனியாகத் தூக்குபவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-ல் திருத்தி வெளியிட்ட சூத்திரத்தின்படி, எல்லாமே வசதியாக அமைந்தால்கூட எடை வரம்பு 23 கிலோதான். தரையிலிருந்து தூக்கினாலோ, உடம்பைத் திருப்பினாலோ இன்னும் குறையும். நிரம்பிய சிலிண்டர், கேஸ் 14.2 கிலோவும் இரும்பின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ. உருட்டுங்கள், அல்லது இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

தங்கை என்ன செய்தாள்?

அந்த 5 கேள்விகளையும் கோர்ஸ் நடத்துபவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பதில் வந்தது: 'சலுகை இன்னும் 2 மணி நேரம் மட்டுமே.' ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. அவள் பணம் கட்டவில்லை.

இன்டர்ன்ஷிப் முடிந்ததும் மேற்படிப்பு. எது என்று இன்னும் முடிவாகவில்லை. பட்டியல் போட்டிருக்கிறாள். சித்தி, "இன்னும் ரெண்டு வருஷமா?" என்று இழுத்தார். சித்தப்பா ஒரு காலத்தில் கட்டிங் மாஸ்டர். "படிக்கட்டும் விடு" என்று அவர் சொன்னபோது வலது தோளை நீவிக்கொண்டிருந்தார்.

போன வாரம் மறுபடி பேசினாள். பை நிறைய ஒரு இஞ்ச் டேப் வாங்கி வைத்திருக்கிறாளாம். கழுத்து வலி என்று வருபவர்களிடம், "எங்க வலிக்குது?" என்று கேட்ட கையோடு இன்னொன்றும் கேட்கிறாள்.

"ஏனுங்கக்கா, எதுல உக்காந்து தெக்கறீங்க? நாளைக்கு வரும்போது அந்த ஸ்டூலோட உயரத்தை அளந்துட்டு வாங்க."

முதல் நாள் 3 பேரிடம் டேப்பைக் கொடுத்து அனுப்பினாள். ஒருவர்தான் அளந்துகொண்டு வந்தார். ஸ்டூல்மேல் பழைய துணியை மடித்துப் போட்டு உயர்த்திக்கொண்டதாகவும், அதற்கும் சேர்த்து அளந்ததாகவும் சொன்னாராம்.

"அந்த அக்காவுக்கு யாரும் எர்கோனாமிக்ஸ் சொல்லித் தரலைக்கா. தனக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. அதை கம்பெனிக்காரங்க கேக்கற மாதிரி சொல்லத்தான் நான் படிக்கணும்" என்றாள்.